தாமே கூந்தல் முடித்த பெண்கள்

கெயில் சுகியாமா அமெரிக்காவிலே சான்பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தவர். தாய் ஹொங்கொங்கைச் சேர்ந்த சீனப் பெண். தந்தை ஹவாயிலிருந்து வந்த யப்பானிய வழியினர். 1991 ஆம் ஆண்டு வெளிவந்த இவருடைய முதல் நாவலின் தலைப்பைப் ‘பட்டுப் பெண்கள்’ எனத் தமிழிலே கூறலாம். தென்சீனத்தில், முத்தாறு கடலோடு கலக்கும் கழிமுகத்திலே, மீன்குளமும் முசுக்கட்டைத் தோட்டமும் வைத்துச் சீவனம் நடத்தும் ஏழைக் குடியானவன் ஒருவன், 1919 ஆம் ஆண்டில், பெய் என்னும் தன் சிறு மகளை ஒன்றும் சொல்லாது அழைத்துச் சென்று, பட்டாலைப் பெண்கள் வாழும் ஒரு வீட்டிலே விட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றான். இனி அவளுடைய கூலி வீட்டுக்கு வரும், அவள் வரமாட்டாள்.

அந்த வீட்டிலே பெய்யை ஏற்றுக்கொள்கின்றவர்கள் வேறு பெண்கள். வீட்டை நடத்துகின்ற யீ அத்தை, தமக்கைபோல் அமைகின்ற லின், உடன்வேலை செய்யும் மற்றைய பெண்கள் ஆகியோரே அவளுக்குச் சுற்றத்தவராகின்றனர். வேலைநேரத்தைக் குறைக்கக் கோரி அவர்கள் வேலைநிறுத்தம் செய்கின்றனர். மணம் முடிப்பதில்லை என விரதம் பூண்டு கூந்தலை முடிந்துகொள்கின்றனர். ஆலையில் மூண்ட தீயில் லின் மடிகின்றாள். 1938 இல், யப்பானியப் படை நெருங்கிவரும் வேளையிலே, நான்கிங் படுகொலையில் உற்றாரை இழந்து வந்த ஜி ஷென் என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு பெய் ஹொங்கொங்குக்குக் கப்பலேறுகின்றாள். எட்டாண்டுகள் கழித்து, 1999 இல் வெளிவந்த தொடர்நாவலிலே, வேலைக்காரியாக வாழும் பெய்யும், அவள் மகள்போல் வளர்க்கும் ஜி ஷென்னும், தனித்துப்போன முதிய ஆங்கில மாது ஒருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு குடும்பமாகின்றனர். இரத்த உறவு எதுவும் இல்லை. வயதிலே மூன்று தலைமுறை. அந்தக் குடும்பம் உருவாகும் விதமே நாவலின் உயிர்.

இவையெல்லாம் நூலாசிரியையின் கற்பனைக் கனிவு, ஆண் துணையற்ற பெண்களுக்கென அவர் கட்டிய காகித வீடு என வாசகர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பிழை. நாவலிலே வரும் வீடு உண்மையில் இருந்தது. ஒன்றல்ல, பல நூறு இருந்தன. அவற்றிலே வாழ்ந்த பெண்களுக்குச் சீன மொழியிலே ஒரு பெயரும் இருந்தது. கன்ரனிய வழக்கிலே ‘ச்சி சோ நுய்’ என்பர்; தமக்குத் தாமே தலைவாரிக்கொண்ட பெண்கள் என்பது அதன் பொருள். ஆனால், அவ்வீட்டின் அத்திவாரம் எது என்ற வினாவுக்கு நாவல் அன்பு என்றே விடை தருகின்றது. வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கின்றது. அதனை ஓரளவு விரிவாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தைப் பார்க்கவேண்டும். ஷுன்டே, நான்ஹாய், பன்யு ஆகிய மாவட்டங்கள் தாழ்ந்த நீர்நிலம். அங்குள்ள குடியானவர்கள் மண்ணைத் தோண்டிக் குளமாக்கினர். தோண்டிய மண்ணை வரம்பாக உயர்த்தி அதன்மேல் முசுக்கட்டை நட்டனர். இலையைப் பட்டுப்புழு தின்றது; புழுவின் எச்சம் குளத்திலே விழுந்து மீனுக்கு உணவாயிற்று; குளத்து வண்டல் மீண்டும் செடியின் வேருக்குப் பசளையாயிற்று. வெப்பம் மிகுந்த அப்பகுதியில் ஆண்டுக்கு ஆறு ஏழு முறை பட்டுக்கூடு எடுக்கலாம். அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் மாதமென ஒன்று அங்கே அரிது. இலை பறிப்பதும், இரவும் பகலும் புழுவுக்கு உணவிடுவதும், கூட்டைக் கொதிநீரிலிட்டு நூலிழுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. சீனாவின் வேறு பகுதிகளிலே பெண்ணின் பாதத்தைக் கட்டி முடமாக்கிய வழக்கம் இங்குள்ள உழைக்கும் குடும்பங்களிலே அத்துணை வேரூன்றாமற் போனமைக்கும் இதுவே காரணம் எனலாம். வரம்பிலே நடக்கவேண்டிய காலைக் கட்டிவைக்க முடியுமா?

பிற இடங்களிலே பெண்பிள்ளை பிறர் வீட்டுக்கு வளர்க்கும் பயிர் எனக் கருதப்பட்டாள். இங்கோ அவள் போய்விட்டால் வேலைக்கு ஆளில்லை. ஆகவே திருமணத்திலும் ஒரு தனி வழக்கம் நிலவிற்று. மணமான மூன்றாம் நாள் பெண் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அதன் பின்னர் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பாள்; பண்டிகைகளுக்கு மட்டும் கணவன் வீடு சென்று வருவாள்; குழந்தைப்பேறு நெருங்கும்போதே அங்கு நிரந்தரமாகக் குடிபுகுவாள். ஜனிஸ் ஸ்ரொக்காட் என்ற மானிடவியலாளர் 1989 இல் வெளியிட்ட நூலிலே, இதனை ஒரு சில பெண்களின் பிடிவாதம் எனக் கொள்ளலாகாது, அப்பகுதியின் பொதுவான மணமுறையே இதுதான் என்று தகுந்த சான்றுகளோடு நிறுவியிருக்கின்றார். மேலும், பருவமெய்திய பெண்கள் இரவிலே பெற்றோர் வீட்டில் உறங்காது, ஊரிலுள்ள ‘பெண்பிள்ளைகள் வீடு’ ஒன்றிலே கூடி உறங்குவர். பாட்டும் கதையும் கைவேலையும் அங்கேதான். மூத்தவள் இளையவளுக்குக் கற்பித்தாள். ஆகவே பெண்கள் கூடி வாழும் பழக்கம் ஆலைகள் தோன்றுவதற்கு முன்னரே அங்கிருந்தது. பழக்கம் இருந்தது, அதனைத் தனித்து நிற்கச் செய்யும் வலு இருக்கவில்லை.

அந்த வலுவை நீராவி கொடுத்தது. அன்னம் நாட்டிலே, அதாவது இன்றைய வியட்னாமிலே, வாணிபம் செய்து பொருளீட்டிய சென் சீயுவான் என்பவர் ஊர் திரும்பி, 1872 ஐ ஒட்டி, நான்ஹாய் மாவட்டத்திலே தமது கிராமத்தில் நீராவியைக் கொண்டு நூலிழுக்கும் ஆலையை நிறுவினார். ஐரோப்பியத் தறிகளுக்கு ஏற்ற சீரான நூல் வேண்டியிருந்தது. வீட்டுச் சட்டியிலே இழுத்த நூல் அவ்வாறு சீராக இருப்பதில்லை. ஆலையின் வெற்றி ஒருசாராருக்கு வாழ்வாயின், பிறிதொரு சாராருக்குச் சாவாயிற்று. 1881 இல் கைத்தறி நெசவாளர் திரண்டு ஓர் ஆலையைத் தாக்கினர். கூடுகளை ஆலைகள் வாரிக்கொண்டால் தமக்கு நூல் எங்கே என்பது அவர்களுடைய முறையீடு. அதிகாரிகள் ஆலைகளை மூடுவித்தனர். சென் சிறிது காலம் மக்காவோவுக்குத் தொழிலை மாற்றவேண்டியதாயிற்று. இயந்திரத்தை உடைத்த இங்கிலாந்துத் தொழிலாளரைப் பற்றிப் படித்திருக்கின்றோம். அதே கதை கன்ரன் வயல்வெளியிலும் நடந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஷுன்டே மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் இயங்கின.

ஆலையினுள்ளே நிலைமை சொர்க்கம் அன்று. வரிசை வரிசையாகக் கொதிநீர்த் தொட்டிகள்; ஒவ்வொரு தொட்டியின் முன்னும் ஒரு பெண். நீரிலே மிதக்கும் கூட்டில் நுனியைக் கண்டுபிடித்து, பல கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்துச் சுழலும் சட்டத்திலே ஏற்றவேண்டும். விரல்கள் வெந்து தோலுரியும். கூடு அவியும் நாற்றம் உடையிலும் மயிரிலும் ஊறிவிடும். பன்னிரண்டு மணிநேரத்துக்குக் குறையாத வேலை. ஆனால், அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. முன்பு அவள் செய்த வேலையின் பலன் குடும்பத்துப் பொதுக் கணக்கிலே கரைந்துவிட்டது. இப்பொழுது அது நாணயமாக அவள் உள்ளங்கையிலே விழுந்தது. தன் உழைப்பின் விலை இவ்வளவு என்று எண்ணிப் பார்க்கக் கற்றாள். வீட்டுக்கு அனுப்பியது போக எஞ்சியதைத் தோழியருடன் சீட்டுக் கட்டினாள். ஆலை முதலாளியும் மணமாகாத பெண்ணையே விரும்பினான். பிள்ளைப்பேறு, மாமியார், வீட்டுச் சடங்கு என்று அவள் வேலைக்கு வராதிருப்பதில்லை அல்லவா?

கூந்தல் முடியும் சடங்கு வழக்காக வேரூன்றியது இந்தச் சூழலிலேதான். எமது சமூகத்திலே தாலி எதனைக் குறிக்கின்றதோ, ஏறத்தாழ அதனைச் சீனப் பெண்ணின் கொண்டை குறித்தது. கன்னிப்பெண் பின்னல் தொங்கவிடுவாள். மணநாளன்று மூத்த சுமங்கலி ஒருத்தி வாழ்த்துக் கூறித் தலைவாரிக் கொண்டை முடிவாள். ஆலைப்பெண்கள் அந்தச் சடங்கையே எடுத்துக்கொண்டு, மணமகனை மட்டும் நீக்கிவிட்டனர். நல்ல நாள் பார்த்தனர், புத்தாடை அணிந்தனர், கருணைத் தெய்வமாகிய குவான்யின் திருமுன் நின்று, மணம் செய்வதில்லை என உறுதி பூண்டனர், முன்னரே விரதம் பூண்ட மூத்த பெண் தலைவாரிவிட்டாள், உற்றார்க்கு விருந்தும் நடந்தது. பெரும்பாலும் பெற்றோரின் சம்மதத்தோடே இது நிகழ்ந்தது. இதனைக் குடும்பத்திலிருந்து ஓடிப்போன பெண்களின் கலகம் என்று மட்டும் காண்போர் இந்த உண்மையை மறந்துவிடுகின்றனர். சம்பாதிக்கும் மகள் வீட்டோடிருப்பதிலே தந்தைக்கும் தமையனுக்கும் நட்டம் ஒன்றுமில்லை. எத்தனையோ தம்பியரின் திருமணச் செலவு இப்பெண்களின் வெந்த விரல்களிலிருந்து வந்தது.

மணத்தை மறுத்தமைக்கு அவர்கள் கூறிய காரணங்கள் எளியவை. மாமியாரின் கொடுமை, பிள்ளைப்பேற்றின் ஆபத்து, வாழ்நாள் முழுவதும் பிறருக்கு அடங்கி நடக்கவேண்டிய நிலை. மணம் மறுத்துத் தந்தையின் சினத்துக்கு ஆளான மியாவோஷான் இளவரசியே பின்னர் குவான்யின் தெய்வமானாள் என்ற கதை, அச்சிட்ட சிறு நூல்கள் வழியாக அவர்களிடையே பரவியிருந்தது. எழுத்தறிந்தவள் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர்.

சம்மதித்த பெற்றோராலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. அது சாவு பற்றியது. சீனக் குலமுறையிலே பெண்ணுக்குத் தந்தையின் குலத்தில் நிலையான இடம் கிடையாது. அவளுடைய பெயர் பொறித்த பலகை கணவன் வீட்டுப் பீடத்திலேதான் இடம்பெறவேண்டும். அங்குள்ள ஆண்மக்களே அதற்குத் தூபமிடவேண்டும். மணமாகாத மகள் பிறந்த வீட்டிலே இறந்தால் அவ்வீட்டுக்குப் பெருந்தீங்கு வரும் என்பது நம்பிக்கை. தம்பியின் கல்யாணத்துக்குக் காசு கொடுத்த தமக்கை, தன் இறுதி மூச்சை விடுவதற்கு அதே வீட்டின் வாயிலைத் தாண்ட முடியாது! உழைக்கும்வரை மகள், சாகும்போது அந்நியள்.

இதிலிருந்தே அந்த வீடுகள் எழுந்தன. பாட்டனின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் உறவுச்சொல்லை முன்னிட்டு அவற்றுக்குப் பெயர் வழங்கிற்று; மூத்த அத்தைமார் இல்லம் என நாம் கூறலாம். ஏழெட்டுப் பெண்கள் பணம் சேர்த்து வீடொன்றை வாங்குவர், அல்லது கட்டுவர். நோயுற்றவளை மற்றவர்கள் பார்ப்பர். இறந்தவளை எடுத்துச் சென்று அடக்குவர். அவள் பெயர்ப்பலகையை வைத்துத் தூபமிடுவர். ஆனால், எல்லோரும் ஒரே வயதினராயின் இறுதியாகச் சாகின்றவளுக்குத் தூபமிடுவது யார்? இந்த வினாவுக்கு விடையாகவே தலைமுறைகள் தேவைப்பட்டன. ஆகவே மூத்தவள் இளையவளைச் சீடப்பெண்ணாகவோ மகளாகவோ ஏற்றாள். இளையவள் முதியவளுக்கு ஊழியம் செய்தாள். முதியவளின் இடமும் பொருளும் இளையவளுக்குச் சேர்ந்தன. தாய், மகள், பேத்தி என்ற வரிசை இவ்வாறு ஒப்பந்தத்தாலே உருவாயிற்று. சுகியாமாவின் நாவலிலே பெய்யும் ஜி ஷென்னும் ஒருவரையொருவர் கண்டடைவது போரின் தற்செயலாக வருகின்றது. வரலாற்றிலே அது தற்செயல் அன்று; முதுமையையும் மரணத்தையும் முன்னறிந்து அமைத்த ஏற்பாடு.

வீடு வாங்க வசதியில்லாதவர்களுக்கும், பெற்றோரின் வற்புறுத்தலுக்கு அஞ்சியவர்களுக்கும் வேறு வழிகள் இருந்தன. இறந்துபோன ஓர் ஆண்மகனின் பெயருக்கு மணமுடித்து, அவன் குலத்துப் பீடத்திலே தனக்கோர் இடத்தை விலைக்கு வாங்குவது ஒருவழி. கணவனின்றி மனைவி என்ற தகுதி! மற்றொரு வழியைப் பற்றி நாம் சற்று நின்று பேசவேண்டியிருக்கின்றது. ஏனெனில், இப்பெண்களைப் போற்றி எழுதுவோர் பலர் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

மணமாகித் தாய்வீட்டிலே தங்கியிருக்கும் பெண், கணவன் வீடு செல்ல விரும்பாவிடின், நட்டஈடு கொடுத்து விடுதலை பெறலாம். அந்த நட்டஈட்டைக் கொண்டு கணவனுக்கு வேறொருத்தி வாங்கப்படுவாள். வாங்கப்படும் அவள் யார்? பெரும்பாலும் ‘மூய்சாய்’ எனப்பட்ட அடிமைச் சிறுமி. வறுமையால் பெற்றோர் விற்ற குழந்தை. பிறர் வீட்டிலே ஏவல் செய்து வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கைமாற்றப்படுபவள். அவள் அந்த மனிதனோடு வாழ்ந்து, அவனுக்குப் பிள்ளைகளைப் பெற்றுக் கொடுக்கவேண்டும். பணம் கொடுத்த ஆலைப்பெண்ணோ தலைமனைவி என்ற பெயரோடு ஆலையிலேயே இருப்பாள். அவள் இறந்தால் கணவன் குலம் அவளுக்கு உரிய கிரியைகளைச் செய்யும். வாங்கப்பட்டவளின் பிள்ளைகள் சட்டப்படி இவளுடைய பிள்ளைகளே.

கூலியால் விடுதலை பெற்ற பெண் அந்த விடுதலைக்காகக் கூலியில்லாத பெண் ஒருத்தியைத் தன் இடத்திலே நிறுத்தினாள் என்ற உண்மை மறைக்கப்படவேண்டியதன்று. தனி மனிதர் மீது குற்றம் சுமத்துவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. மணம் என்ற நிறுவனத்திலே பெண் ஒரு சரக்காயிருக்கும்வரை, ஒரு சரக்கு தன்னை மீட்டுக்கொள்ள இன்னொரு சரக்கையே விலையாகக் கொடுக்கவேண்டியிருந்தது. தொட்டியருகே நின்றவளுக்கும் மூய்சாயாக விற்கப்பட்டவளுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு ஆலை வேலை மட்டுமே. பெய்யின் தந்தை அவளை விட்டுச் சென்றது ஆலைவீடு அல்லாது வேறு வீடாயிருந்தால்? நாவல் இந்த வினாவை எழுப்பியிருக்கலாம். அது எழுப்பவில்லை.

சகோதரிகளின் இல்லத்துக்குள்ளும் எல்லாம் இனிமையாக இருந்ததெனக் கொள்ளவேண்டியதில்லை. வாக்கை மீறி ஆடவனை நாடியவளுக்கு ஊரும் குலமும் கொடிய தண்டனை விதித்ததாகக் கதைகள் வழங்குகின்றன. விரதம் ஒரு காவல். காவல் என்றால் மதிலும் உண்டு.

1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அமெரிக்க இடதுசாரிப் பத்திரிகையாளரான அக்னெஸ் ஸ்மெட்லி ஷுன்டே ஆலைகளைப் பார்க்கச் சென்றார். அவருக்கு வழிகாட்டியாக வந்த படித்த இளைஞன் இப்பெண்களைப் பற்றி வெறுப்போடு பேசியதை அவர் பதிந்துள்ளார். மணத்தை மறுக்கின்றனர், ஒருவரோடொருவர் தகாத உறவு கொள்கின்றனர் என்பன அவனுடைய குற்றச்சாட்டுகள். ஸ்மெட்லி கண்டதோ நிமிர்ந்து நடக்கும் பெண்களை. அவர்கள் திரண்டு வேலைநிறுத்தம் செய்து நேரத்தையும் கூலியையும் பற்றிப் பேரம் பேசியதை அவர் அறிந்தார். பெண் குழந்தை பிறந்தால் மகிழும் ஊர்கள் அவை என்பதையும் குறித்தார். அக்காலச் சீனாவிலே இதனைவிட வியப்பான செய்தி வேறில்லை. அப்பெண்களிடையே இருந்த அன்பின் தன்மையைப் பற்றிப் பிற்காலத்தார் பலவாறு எழுதியுள்ளனர். சிலர் காதலராகவே வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை, சிலர் தோழியர், சிலர் தாயும் மகளும். அதனை வகைப்படுத்தித் தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. ஆனால் அவ்விளைஞனின் வெறுப்புக்கு அடியிலே ஒழுக்கக் கவலையைவிட வேறொன்று இருந்திருக்கவேண்டும் என ஊகிக்கலாம். யாருடைய தயவுமின்றி உண்ணும் பெண்ணை அவன் அதற்கு முன்னர் கண்டதில்லை.

ஸ்மெட்லி அங்கு சென்ற வேளையிலேயே அடித்தளம் ஆட்டங்கண்டுவிட்டது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அமெரிக்காவின் பட்டுச் சந்தையை முடக்கிற்று. யப்பானியப் பட்டின் போட்டி ஒருபுறம். ரேயோன் எனப்படும் செயற்கை இழை மறுபுறம். விலை வீழ்ந்தது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. குடியானவர்கள் முசுக்கட்டையைப் பிடுங்கிக் கரும்பு நட்டனர். நியூயோர்க்கிலே ஒரு சீமாட்டி காலுறை வாங்காதபோது, ஷுன்டேயிலே ஒரு முதியவளின் பெயர்ப்பலகைக்குத் தூபமிட ஆளில்லாமற் போயிற்று. தம் கையாலே கட்டிய குடும்பமாயினும் அது உலகச் சந்தையின் நூலிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. 1938 ஒக்ரோபரில் கன்ரன் நகர் யப்பானியர் வசமாயிற்று.

அதற்கு முன்னரே பெண்கள் கப்பலேறத் தொடங்கிவிட்டனர். ஒரு சட்டம் அவர்களுக்கு எதிர்பாராத வாயிலாயிற்று. மந்தத்தால் வேலையற்றோர் பெருகியபோது, சிங்கப்பூர், மலாயாவின் பிரித்தானிய ஆட்சியாளர், 1933 இலிருந்து நடைமுறைக்கு வந்த அந்நியர் சட்டத்தின் மூலம் சீன ஆண்களின் வருகையை மட்டுப்படுத்தினர். பெண்களுக்கு அக்கட்டுப்பாடு 1938 வரை இருக்கவில்லை. கப்பல் முகவர்கள் பெண்களை நாடினர். சிலர் கட்டட வேலைக்குச் சென்றனர். சான்சுய் மாவட்டத்திலிருந்து வந்து சிவப்புத் துணியைத் தலையிலே மடித்துக் கட்டிச் செங்கல் சுமந்த பெண்கள் வேறொரு கூட்டத்தினர், அவர்களுட் பலர் மணமானவர்கள். ஷுன்டேயின் விரதப் பெண்களோ பெரும்பாலும் வீட்டு வேலையை ஏற்றனர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, எண்ணெய் தடவி இறுக வாரிய கொண்டை அல்லது நீண்ட பின்னல். இவ்வாறு அவர்களை எவரும் அடையாளம் காணலாம். மலாயாவிலே எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் பணியாற்றி ஓய்வூதியத்தோடு யாழ்ப்பாணம் திரும்பிய எம்மவர் காலத்திலே ‘அமா’ என அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தாம்.

சிங்கப்பூரின் சீனர் பகுதியிலே, கடைகளின் மேல்மாடியில், பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். ‘கொங்சி’ அறை என்று அதற்குப் பெயர். பலர் எசமானர் வீட்டிலேயே தங்கியிருந்தும் இந்த அறைக்கு மாதந்தோறும் பங்கு செலுத்தி வந்தனர். பயன்படுத்தாத அறைக்கு வாடகை ஏன்? நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் இந்த அறையைத் தோழமையின் இடமாகக் காட்டுகின்றன, அஃது உண்மையே. ஆயினும் அதன் மற்றொரு பயனை மறக்கலாகாது. எசமானி கடிந்து பேசினால், கூலி குறைந்தால், வீட்டு ஆண்கள் வரம்பு மீறினால், அமா தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றிரவே அந்த அறைக்குச் சென்றுவிடலாம். போக்கிடமில்லாத வேலைக்காரி எதையும் சகிப்பாள். போக்கிடம் உள்ளவள் பேரம் பேசுவாள். புதிய வேலை பற்றிய செய்தியும், எந்த வீட்டுக்குப் போகலாகாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே கிடைத்தன. ஊரிலுள்ள தம்பிமாரின் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பக் கடிதம் எழுதுவோனை நாடிச் செல்வதும் அங்கிருந்துதான். தொழிற்சங்கம் என்ற பெயர்ப்பலகை இல்லாத தொழிற்சங்கம் அது எனலாம்.

முதுமை வந்தபோது சைவ உணவு மடங்கள் புகலளித்தன. குவான்யினை வழிபட்டுப் புலாலுண்ணாது வாழும் பெண்களின் மடங்கள் அவை. முன்பணம் செலுத்தி உறுப்பினரானவள் சாகும்வரை அங்கே தங்கலாம். அவளுடைய பெயர்ப்பலகைக்கும் இடமுண்டு. மார்ஜரி ரொப்லி என்ற ஆங்கில மானிடவியலாளர் சிங்கப்பூரில் இம்மடங்களை நேரிற் கண்டு ஆராய்ந்து 1954 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1975 இல், கன்ரன் பகுதியிலே பெண்கள் மணத்தை மறுத்த வரலாற்றைப் பற்றி அவர் எழுதியது இத்துறைக்கே வழிகாட்டியாயிற்று. மடத்திலே குருவும் சீடரும் குடும்பப் பெயர்களாலேயே ஒருவரையொருவர் அழைத்தனர். சிறுமியரை மகளாக எடுத்து வளர்த்தவர்களும் பலர். அவ்வாறு வளர்க்கப்பட்ட சிறுமியருட் சிலர் ஏழைப் பெற்றோரிடமிருந்து பணம் கொடுத்துப் பெறப்பட்டவர்கள். பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு; ஏவல் செய்யவே வைத்திருக்கப்பட்டவர்களும் உண்டு. தேர்ந்தெடுத்த குடும்பம் என்கின்றோம். தேர்ந்தவள் யார், தேரப்பட்டவள் யார் என்பதையும் கேட்டுக்கொள்வது நன்று.

இவற்றையெல்லாம் அறிந்தபின் சுகியாமாவின் நாவல்களுக்குத் திரும்பினால் அவற்றின் சிறப்பும் குறையும் தெளிவாகின்றன. ஆலையின் நீராவி, வெந்த விரல், கொண்டை முடியும் நாளின் நடுக்கம் ஆகியவற்றை அவர் எளிய நடையிலே கண்முன் நிறுத்துகின்றார். எந்த ஆணையும் அரக்கனாக்கவில்லை. மகளைக் கைவிட்ட தந்தையின் மௌனத்திலும் ஒரு துயரைக் காண்கின்றார். வேலைநிறுத்தத்தைக் கதையின் நடுவே வைத்ததும் பாராட்டுக்குரியது. அமெரிக்கச் சந்தைக்கு எழுதப்படும் குடும்ப நாவல்களிலே தொழிலாளர் கூடிக் கோரிக்கை வைக்கும் காட்சியை நாம் அடிக்கடி காண்பதில்லை. ஆனால், பெய் எவ்வளவு சம்பாதித்தாள், எவ்வளவு அனுப்பினாள், எவ்வளவு சேமித்தாள் என்ற கணக்கு நாவலின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. ஹொங்கொங் பகுதியில் வரும் ஆங்கில மாதுக்கும் பெய்க்கும் இடையிலான பாசம் உள்ளத்தைத் தொடுகின்றது என்பது உண்மை. ஆயினும் ஆளுவோர் இனத்தவளும் ஏவலாளும் ஒரே மேசையிலே அமர்வதற்கு யப்பானியக் குண்டு விழவேண்டியிருந்தது என்பதை ஆசிரியை இன்னும் சற்றுத் துணிவோடு கூறியிருக்கலாம்.

புதிய சீனாவின் திருமணச் சட்டம் 1950 மே மாதம் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. வற்புறுத்தி மணமுடித்தல், துணைமனைவி வைத்தல், பிள்ளைமணம் யாவும் தடுக்கப்பட்டன. மணவிலக்குக் கோரும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. விரதம் பூணவேண்டிய காரணங்களுட் பல சட்டத்தளவிலே நீங்கின. புதிதாகக் கூந்தல் முடிவோர் இல்லாதொழிந்தனர். ஆனால், ஏற்கெனவே முடிந்தவர்கள் இருந்தனர் அல்லவா? அந்த 1950 ஐ ஒட்டியே, ஷுன்டே மாவட்டத்தில் ஜுன்ஆன் பகுதியைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், சிங்கப்பூரிலே வேலை செய்த அவ்வூர்ப் பெண்கள் அனுப்பிய பணத்தால் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. ‘பனியும் பச்சைமணியும்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். தூய்மையைச் சுட்டும் சீன மரபுத்தொடர் அது. வெளிநாட்டிலிருந்து திரும்புகின்ற விரதப் பெண்கள் தங்குவதற்கும் சாவதற்குமான வீடு. திரும்பியவர்கள் சிலர் அங்கே வாழ்ந்தனர், திரும்பாதவர்கள் பலர்.

இப்பொழுது அஃது அருங்காட்சியகமாக இருக்கின்றது. மேல்மாடியிலே பெயர்ப்பலகைகள் வரிசையாக உள்ளன. இத்தகைய இடங்களிலே, தன் பெயரைப் பொறித்து வைத்துவிட்டு இன்னும் உயிரோடிருப்பவளின் பலகையைச் சிவப்புக் கடதாசியால் மறைத்துவிடுவது வழக்கம். அவள் கண்மூடிய செய்தி வந்த பின்னரே, உடனிருந்த பெண்களுள் எஞ்சியிருக்கும் ஒருத்தி கடதாசியை அகற்றித் தூபம் ஏற்றுவாள்.